வால்ட்ஸா, மசூர்க்காவா, ஹபனேராவா: பியானோவுக்கு ஒரு சின்ன நடனம் எழுத

பியானோவுக்கு மட்டும், ஒன்றரை நிமிடத்துக்கு, உணர்ச்சியோடு ஒரு நடனத் துண்டு எழுதலாம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்டுக்கொள்வது சோகமா சந்தோஷமா என்று. அடுத்தது வேகமா மெதுவா. இரண்டுக்கும் பதில் கிடைத்ததும், பழக்கதோஷத்தில் இடது கை பூம்-சக்-சக் என்று ஆரம்பித்துவிடும். எட்டுப் பார், அதாவது எட்டுத் தாளச் சுற்று, தாண்டுவதற்குள் எல்லாமே எங்கேயோ கேட்ட மாதிரி ஆகிவிடும்.

நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: பாரில் எடை எந்த பீட்டில், அதாவது எந்தத் தாள அடியில், விழ வேண்டும்? சோகமான வால்ட்ஸ் உண்டு, குதூகலமான வால்ட்ஸும் உண்டு. ஆனால் எடை விழும் இடம் மாறிவிட்டால் அது வால்ட்ஸே இல்லை. வலது கை எங்கே காலத்தை இழுக்கலாம், எங்கே இழுத்தால் ஆட்டம் கலைந்துவிடும் என்பதையெல்லாம் அந்த இடம்தான் முடிவு செய்கிறது.

இதில் பியானோவின் குணமும் சேர்ந்துகொள்கிறது. குரலிலோ வயலினிலோ ஒரு சுரத்தைப் பிடித்து, மெல்ல வளர்த்து, அசைத்து நிறுத்தலாம். பியானோவில் சுத்தியல் கம்பியை அடித்த கணத்திலிருந்து ஒலி தேய்ந்துகொண்டே போகும். கமகத்துக்கு வழியே இல்லை. மிச்சம் இருப்பது மூன்று: எவ்வளவு பலமாக அடிக்கிறோம், எப்போது அடிக்கிறோம், அந்த நேரத்தில் அடியில் வேறு எது ஒலிக்கிறது. நடன வடிவம் என்பது இந்த மூன்றில் இரண்டாவதைப் பற்றி வாசிப்பவரும் கேட்பவரும் முன்கூட்டியே செய்துகொள்ளும் உடன்பாடு. உடன்பாடு இருந்தால்தான் அதைக் கொஞ்சம் மீறும்போது கேட்பவருக்கு உறைக்கும்.

ஒப்பிடுவதற்கு ஒரே மெட்டை வைத்துக்கொள்வோம். ஏ மைனரில் ஈ, டி, சி, பி என்று இறங்கும் நான்கு சுரங்கள். ஏ-வைச் சட்ஜமாக வைத்தால் ப, ம, க, ரி. இதில் தனியாக எந்த விசேஷமும் இல்லை. சோதனைக்கு அதுதான் வசதி. ஏதாவது நன்றாகக் கேட்டால் பாராட்டு நடனத்துக்குத்தான் போக வேண்டும்.

வால்ட்ஸ்

3/4 தாளம், அதாவது பாருக்கு மூன்று பீட். எடை முதல் பீட்டில். இடது கை கீழே ஒரு பேஸ் சுரம் வாசித்துவிட்டு மேலே தாவி இரண்டு கார்ட் (ஒன்றாகச் சேர்த்து அடிக்கும் சுரங்கள்) அடிக்கும். கேட்பவருக்கு இரண்டே பாரில் இது நடனம் என்று புரிந்துவிடும். எந்த அறிமுகமும் வேண்டாம், நேராக மெட்டுக்குள் போய்விடலாம். குட்டித் துண்டுக்கு இது பெரிய லாபம்.

இப்போது நம் நான்கு சுரங்களை பாருக்கு ஒன்றாகப் போடுங்கள். முதல் பாரில் ஈ அடித்த உடனே தேய ஆரம்பிக்கிறது. இரண்டாவது பீட்டிலும் மூன்றாவது பீட்டிலும் கீழே கார்ட் புதிதாக அடிபடுகிறது. விளைவு, பாரின் பாதியிலேயே துணைக்கு வந்த கை மெட்டைவிட உரக்கக் கேட்கும். இதைச் சமாளிக்க வலது கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதாகிறது. போலந்து இசையமைப்பாளர் சோபின் 1847-இல் வெளியிட்ட டி ஃப்ளாட் வால்ட்ஸில், ஓபஸ் (படைப்பு எண்) 64-இன் முதலாவதில், வலது கை பெரும்பகுதி நிற்காமல் சுழல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஓட்டம் அழகு, மினுமினுப்பு. ஆனால் நீங்கள் தேடுவது ஒரு சுரம் மனதில் தங்குவது என்றால் ஓட்டம் அதற்கு உதவாது.

தப்பிக்க வழிகள் உண்டு. மெட்டை இடது கைக்குக் கொடுத்துவிட்டு வலது கையில் கார்ட் வைப்பது ஒன்று. சோபினின் ஏ மைனர் வால்ட்ஸ், ஓபஸ் 34-இன் இரண்டாவது, அப்படித்தான் தொடங்குகிறது. பியானோவில் கீழ் ஸ்தாயிச் சுரங்கள் மேல் ஸ்தாயியைவிட அதிக நேரம் நின்று ஒலிக்கும் என்பதால் அங்கே நீண்ட மெட்டு தாங்குகிறது.

இன்னொரு வழியை பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாத்தி 1888-இல் கிம்னோபெடி என்ற பியானோத் துண்டுகளில் காட்டினார். முதல் பீட்டில் பேஸ், இரண்டாவதில் கார்ட், மூன்றாவதில் எதுவும் புதிதாக இல்லை. கார்ட் அப்படியே நிற்கிறது. பூம்-சக்-சக்கிலிருந்து ஒரு சக்கை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். மூன்றாவது பீட் காலியாகக் கிடப்பதால் வலது கை எவ்வளவு மெதுவாக நடந்தாலும் கேட்கிறது. முதல் கிம்னோபெடியில் மெட்டின் எடுப்பும் முதல் பீட்டில் இல்லை, இரண்டாவதில். நம் நான்கு சுரங்களையும் அப்படி இரண்டாவது பீட்டில் எடுத்து, பீட்டுக்கு ஒன்றாக இறக்கிப் பாருங்கள். அதே ப, ம, க, ரி திடீரென்று பேச ஆரம்பிக்கும்.

கவனித்தீர்களா, வால்ட்ஸைக் காப்பாற்றும் இரண்டாவது வழி, எடையை முதல் பீட்டிலிருந்து நகர்த்துவதுதான். அதை இயல்பாகவே செய்யும் நடனங்கள் இருக்கும்போது வால்ட்ஸோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? நீண்டு பாடும் மெட்டு ஏற்கெனவே கையில் இருந்தால் வால்ட்ஸ் எழுதுங்கள். மெட்டைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அது நல்ல தொடக்கம் இல்லை.

மசூர்க்கா

இதுவும் 3/4தான். காகிதத்தில் வால்ட்ஸ் போலவே தெரியும். ஆனால் அழுத்தம் இரண்டாவது பீட்டில் விழும், சில பாரில் மூன்றாவதில், எப்போதாவது ஒழுங்காக முதலில். முதல் பீட் பல நேரம் முக்கால், கால் என்று உடைந்திருக்கும். போலந்தின் மாசோவியா பகுதி நடனங்களிலிருந்து வந்தது. ஒரே நடனம் என்பதைவிட ஒரு குடும்பம் என்று சொல்லலாம்: மிடுக்கான மசூர், சுழன்றடிக்கும் ஒபெரெக், மெதுவாக ஏங்கும் குயாவியாக். உணர்ச்சித் துண்டு எழுதப் போகிறவருக்கு மூன்றாவதுதான் பக்கத்து வீடு.

நம் மெட்டு இதில் என்ன ஆகிறது? ஈ முக்கால் பீட், டி கால் பீட், இரண்டாவது பீட்டில் அழுத்தமாக சி, மூன்றாவதில் பி. வால்ட்ஸில் நான்கு பார் எடுத்துக்கொண்டது ஒரே பாரில் முடிந்துவிட்டது. கீழே இடது கை முதல் பீட்டில் ஏ, ஈ என்று ஒரு பஞ்சமத்தை அடித்துவிட்டுப் பேசாமல் இருக்கட்டும். சுருதி போட்ட மாதிரி அது நிற்கும். சி விழும்போது அதோடு போட்டிக்கு யாரும் இல்லை.

அடுத்த பாரில் அதே நான்கு சுரங்களை மறுபடி வாசித்து, அழுத்தத்தை மட்டும் சி-யிலிருந்து பி-க்கு மாற்றுங்கள். முதல் முறை சொல்லி முடித்தது போல இருந்தது, இரண்டாம் முறை கேள்வி கேட்பது போல ஆகிவிடும். ஒரு சுரம்கூட மாறவில்லை. ஒன்றரை நிமிடத்தில் புதிய விஷயங்களை அடுக்க இடம் கிடையாது. இருக்கிற ஒன்றையே வேறு வேறு முகத்தோடு காட்ட வேண்டும். மசூர்க்கா அதற்கென்றே செய்த வடிவம். அதனால்தான் என் ஓட்டு இதற்கு.

அப்புறம் அந்த டி. அதை அரைப் படி உயர்த்தி டி ஷார்ப் ஆக்கிப் பாருங்கள். நான்காம் சுரத்தை உயர்த்துவது போலந்து நாட்டுப்புற இசையில் சகஜம். சோபின் தன் மசூர்க்காக்களில் அதை அடிக்கடி எடுத்தாள்கிறார். மேஜரில் செய்தால் நமக்கு மேசகல்யாணியின் சுரங்கள் கிடைக்கும். நம் மைனர் மெட்டில் பிரதி மத்யமம் வந்து சாதாரண காந்தாரத்துக்கு இறங்குவதால் சிம்மேந்திரமத்யமத்தின் சாயல் எட்டிப் பார்க்கும். அடியில் பஞ்சமச் சுருதி நிற்கும்போது இந்த ஒரு சுர மாற்றம் மொத்த அறையின் வெளிச்சத்தையும் மாற்றிவிடும். ஆனால் எல்லாப் பாரிலும் போடாதீர்கள். மூன்று முறை சாதா டி, நான்காவது முறை டி ஷார்ப் என்று வைத்தால்தான் அதற்கு மதிப்பு.

மசூர்க்காவில் காலத்தை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு ஒரு பழைய சண்டையே இருக்கிறது. சோபின் தன் மசூர்க்கா ஒன்றைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்த ஓபரா இசையமைப்பாளர் மேயர்பீர், இது 2/4 தானே என்று கேட்டாராம். இல்லை 3/4 என்று சோபின் எண்ணிக் காட்டி, மேயர்பீர் ஒப்புக்கொள்ளாமல், கடைசியில் சோபின் கடும் கோபத்தில் கத்திவிட்டார் என்று அங்கே இருந்த மாணவர் வில்ஹெல்ம் ஃபான் லென்ஸ் எழுதிவைத்திருக்கிறார். பியானோக் கலைஞர் சார்லஸ் ஹாலே சொல்வதும் இதே ரகம்: பாரின் முதல் சுரத்தில் சோபின் அவ்வளவு நேரம் தங்கியதால் அது 4/4 போலக் கேட்டது, ஹாலே எண்ணிக் காட்டியபோது சோபின் சிரித்துவிட்டு, அது அந்த நடனத்தின் நாட்டுக் குணம் என்றாராம். இரண்டு தேர்ந்த காதுகள் தாளத்தையே தவறாகக் கேட்கும் அளவுக்கு இழுத்தும், அது நடனமாகவே இருந்திருக்கிறது. இந்த அளவு சலுகையை வால்ட்ஸ் தராது.

முடிப்பதிலும் மசூர்க்கா தாராளம். ஓபஸ் 17-இன் நான்காவது மசூர்க்கா ஏ மைனர் துண்டு; ஆனால் ஏ மைனர் கார்டில் முடிவதில்லை. தொடக்கத்தில் வந்த அதே தயங்கும் கார்ட்கள் திரும்பி வந்து, எஃப் மேஜரின் திருப்பிப் போட்ட கார்டில் அப்படியே நின்றுவிடுகிறது.

சரி, சிக்கல்கள். மசூர்க்கா எழுதினால் அது சோபின் நகலாகிவிடுமோ என்ற பயம் நியாயமானது. போலந்து இசையமைப்பாளர் ஷிமனோவ்ஸ்கி 1920-களில் ஓபஸ் 50 என்று 20 மசூர்க்காக்கள் எழுதியபோது தத்ரா மலைப்பகுதி மக்களின் இசையை உள்ளே கொண்டுவந்து, கார்ட்களை உரசவிட்டு, சோபினின் நிழலிலிருந்து வெளியே வந்தார். அந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது: அழுத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சுரங்களை எங்கிருந்து வேண்டுமானாலும் கொண்டு வரலாம்.

இரண்டாவது சிக்கல் நடைமுறை. மசூர்க்கா பழக்கமில்லாத ஒருவர் கையில் உங்கள் தாள் கிடைத்தால் வால்ட்ஸ் போல வாசித்துவிடுவார். அழுத்தக் குறிகளை மட்டும் நம்பாதீர்கள்; சிலர் அவற்றைப் பார்த்து வெறுமனே ஓங்கி அடிப்பார்கள். இடது கையை முதல் பீட்டில் காலியாக விடுவது, இரண்டாவது பீட்டில் நீண்ட சுரம் வைப்பது, வில்குறியை (சுரங்களைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு) அங்கே தொடங்குவது என்று எழுத்திலேயே கட்டிப்போட வேண்டும். நோட்டேஷன் மென்பொருளின் ஒலியை வைத்து மசூர்க்காவை எடைபோடவும் கூடாது. எந்த பீட்டையும் தானாக இழுக்கத் தெரியாத அதன் வாசிப்பில் எந்த மசூர்க்காவும் நொண்டும்.

ஹபனேரா

கியூபாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினுக்கும் பாரிஸுக்கும் போனது. 2/4 தாளம். இடது கை: முக்கால், கால், அரை, அரை. இந்த நான்கு அடிகளை மேசையில் தட்டினாலே போதும், உடம்பு அசையும். பழைய பியானோ டாங்கோக்கள் பலவற்றின் அடியில் இருப்பதும் இதே நடைதான்.

இங்கே எடையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், இடது கை பார்த்துக்கொள்ளும். வலது கைக்கு முழு விடுதலை. நம் மெட்டில் ஈ, டி, சி மூன்றையும் ஒரு பீட்டுக்குள் மூன்று சம பாகமாக வைத்து, அடுத்த பீட்டில் பி-யைப் போடுங்கள். மூன்றாகப் பிரித்தால் கடைசிச் சுரமான சி, பீட்டின் மூன்றில் இரண்டு பங்கு கடந்ததும் வருகிறது. இடது கையின் கால் அடியோ, நாலில் மூன்று பங்கு கடந்ததும். இரண்டும் ஒன்றாக விழ வேண்டியது போல நெருங்கி வந்து மயிரிழையில் தவறிப்போகும். ஹபனேராவின் மயக்கம் முழுக்க அந்த மயிரிழையில்தான் இருக்கிறது. அல்பெனிஸின் 1890-ஆம் ஆண்டு டி மேஜர் டாங்கோவை மெதுவாக வாசித்துப் பார்த்தால் இந்த உரசல் விரலில் தெரியும். சோம்பலாக, நிதானமாக, பாதித் தூக்கத்தில் வாசிப்பது போல இருக்க வேண்டும். துல்லியமாகக் கணக்குப் போட்டு வாசித்தால் செத்துவிடும்.

முதல் துண்டு எழுதுகிறவருக்கு நான் ஹபனேராவைத்தான் சிபாரிசு செய்வேன். இடது கை ஒரு முறை அமைந்துவிட்டால் மீதி நேரத்தை மெட்டுக்குச் செலவழிக்கலாம். கைக்கும் எளிது: ஏ, ஈ, மேல் ஏ, மேல் சி என்று ஒவ்வொன்றாக வருவதால் விரல்கள் தாவ வேண்டியதில்லை, மணிக்கட்டைச் சாய்த்தாலே எட்டும். டெபுஸி 1903-இல் எழுதிய எஸ்டாம்ப் தொகுப்பின் கிரனாடா மாலைத் துண்டில், தொடக்கத்தில் சி ஷார்ப் என்ற ஒரே சுரம் வெவ்வேறு ஸ்தாயிகளில் இந்தத் தாளத்தை வாசிக்கிறது. ஹபனேராவுக்குக் கார்ட்கூடத் தேவையில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ரியோ டி ஜெனிரோவின் எர்னெஸ்டோ நாசரேத் 'ஓடியோன்' என்ற டாங்கோவில் மெட்டையே பேஸுக்குக் கொடுத்துவிட்டு, வலது கையை மேலே கார்ட் தட்ட வைத்தார். எட்டுப் பாருக்குப் பிறகு கைகளின் வேலையை மாற்றிக்கொள்ள இது நல்ல வழி.

குறை என்ன? அதே தாளம் சலிக்கும். முப்பது நாற்பது பார் மாற்றமில்லாமல் ஓடினால் அது வால்பேப்பர். ஒரு சின்ன தந்திரம் உண்டு: கால் அடியையும் அதற்கடுத்த அரை அடியையும் ஒட்டிவிடுங்கள். முக்கால், முக்கால், அரை என்று ஆகிவிடும், அதாவது மூன்று-மூன்று-இரண்டு. ஒரு முடிச்சை இறுக்கியதில் நடையின் குணமே மாறி, இன்னும் கூர்மையாகிவிடும். நடுப்பகுதிக்கு இதை வைத்துக்கொண்டு, பழைய நடைக்குத் திரும்பலாம். இன்னொரு குறை, ஹபனேரா சட்டென்று வேஷமாகிவிடும். ஸ்பானிய வாசனைக்காக ஃபிரிஜியன் ஸ்கேலையும் அலங்காரச் சுரங்களையும் அள்ளித் தெளித்தால் துண்டு உங்களுடையது போலவே இருக்காது. தாளம் ஏற்கெனவே ஊரைச் சொல்லிவிட்டது. மெட்டும் அதையே சொல்ல வேண்டாம்.

சரபாந்து

ஸ்பெயினில் 1583-இல் தடை செய்யப்படும் அளவுக்குத் துள்ளலும் விரசமுமாகக் கருதப்பட்ட நடனம் இது என்றால் இன்று நம்பமுடியாது. பிரான்சுக்குப் போய், 17-ஆம் நூற்றாண்டில் நிதானப்பட்டு, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் கைக்கு வரும்போது நடனத் தொகுப்பின் மிக ஆழமான துண்டாக ஆகிவிட்டது. மூன்று பீட், மெதுவான நடை, அழுத்தம் இரண்டாவது பீட்டில்.

மசூர்க்காவிலும் அழுத்தம் அங்கேதானே என்றால், அங்கே அது இடம் மாறிக்கொண்டே இருக்கும் குறும்பு. இங்கே அது ஊன்றி நிற்கும் கால். நம் மெட்டை வைத்துப் பார்த்தால் புரியும். முதல் பீட்டில் ஏ மைனர் கார்டோடு ஈ. இரண்டாவதில் டி, கீழே புதிதாக அடித்த ஏ-யும் ஈ-யும். டி அந்தக் கார்டில் சேராத சுரம், பக்கத்தில் இருக்கும் ஈ-யோடு உரசுகிறது. அது ஒன்றரை பீட் நின்று, மூன்றாவது பீட்டின் பிற்பாதியில் சி-க்கு இறங்கித் தீர்கிறது. அடுத்த பாரில் ஈ மேஜர் கார்டின் மேல் பி.

ஆரம்பத்தில் சொன்ன தேய்மானப் பிரச்சினை இங்கே நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. உரசும் சுரம் பலமாகவும் தீரும் சுரம் மென்மையாகவும் இருக்க வேண்டும் என்பது பழைய பாடம். டி-யின் ஒலி தானாகவே தேய்ந்து இறங்க, தேய்ந்த அளவுக்கு ஈடாக சி-யை மென்மையாக வைத்தால் போதும். பியானோவின் குறையையே உணர்ச்சியாக மாற்றிக்கொள்வதில் சரபாந்துக்கு இணையான நடனம் இல்லை. எழுத வேண்டிய சுரங்களும் கொஞ்சம்தான். கார்ட்களில் யோசிக்கிறவர்களுக்கு, அதாவது மெட்டைவிட இசைவுகளில் காது ஓடுகிறவர்களுக்கு, இதுதான் சரியான தேர்வு. சாத்தி 1887-இல் எழுதிய மூன்று சரபாந்துகளும், டெபுஸி 1901-இல் வெளியிட்ட பியானோத் தொகுப்பின் நடுத் துண்டும் கார்ட்களின் ருசிக்காகவே வாழ்கின்றன.

ஆபத்து, அது நடனமாக இல்லாமல் போய்விடுவது. எல்லாப் பீட்டிலும் கனமான கார்ட் வைத்தால் தேவாலயப் பாடல் ஆகிவிடும். மூன்றாவது பீட்டில் ஏதாவது ஒரு குரல் மட்டும் அசைந்து அடுத்த பாருக்கு வழிகாட்ட வேண்டும், கால் தூக்குவது தெரிய வேண்டும். திருப்பி வாசிக்கும்போது மெட்டை அலங்கரிப்பது இன்னொரு வழி. பாக் தன் இரண்டாம் ஆங்கிலத் தொகுப்பில், அதுவும் ஏ மைனர்தான், சரபாந்தை எளிமையாக ஒரு முறை எழுதி, அலங்கரித்த வடிவத்தையும் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இலவசப் பாடம்.

ஐந்தும் ஏழும்

சமமில்லாத தாளங்களை விட்டுவிட்டேன் என்று யாராவது கேட்பார்கள். பார்டோக்கின் மைக்ரோகாஸ்மோஸில் கடைசி ஆறு துண்டுகள், 148 முதல் 153 வரை, பல்கேரிய நடைகளில் அமைந்தவை: 2+2+3, 2+3, 3+3+2 என்று. மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த காதுக்கு ஏழு ஒன்றும் மலைப்பில்லை, இந்த விஷயத்தில் நமக்கு ஒரு படி முன்னிலை. ஆனால் அங்கே கேட்பவரின் கவனத்தைத் தாளமே எடுத்துக்கொள்ளும். மெட்டு வெகு எளிமையாக இருந்தால்தான் உணர்ச்சி தப்பும். 6/8-ஐ யோசிப்பவர்கள் ஹினஸ்தேரா 1937-இல் எழுதிய அர்ஜென்டினா நடனங்களில் இரண்டாவதைப் பாருங்கள். இடது கையின் அசைவு திரும்பத் திரும்ப வர, மேலே ஒரு தனிமையான மெட்டு. ஹபனேராவுக்குச் சொன்னதில் பாதி இதற்கும் பொருந்தும்.

எத்தனை பார்

நீளத்தைக் கணக்குப் போட்டால் நடனங்களின் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல், 96 விநாடி என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 பீட் வேகத்தில் சரபாந்துக்கு ஒரு பார் 3 விநாடி, ஆக 32 பார். அதே 60-இல் ஹபனேராவுக்குப் பார் 2 விநாடி, ஆக 48. நிமிடத்துக்கு 120-இல் மசூர்க்காவுக்கு 64. வேகமான வால்ட்ஸ், 180-இல், 96 பார்.

96 பாரை நிரப்பப் பொருள் வேண்டும். இல்லாவிட்டால் திருப்பித் திருப்பி வாசிக்க வேண்டும். சரபாந்தின் 32 பாரில் எட்டும் எட்டுமாக இரண்டு பகுதி எழுதி ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசித்தால் வேலை முடிந்தது, எழுதியது 16 பார்தான். மசூர்க்காவின் 64-க்கு 16 பார் மெட்டு, அது மறுபடி, 16 பார் வேறொன்று, பிறகு முதல் மெட்டு என்ற பழைய கட்டு அப்படியே பொருந்துகிறது. திரும்பி வரும் மெட்டில் ஒரு இடத்தையாவது மாற்றுங்கள், அந்த டி ஷார்ப்பை அங்கேகூட வைத்திருக்கலாம். வால்ட்ஸிலும் நீளத்தை அடக்க முடியும். பிராம்ஸின் ஓபஸ் 39-இல் இருக்கும் 16 வால்ட்ஸ்களில் பல ஓரிரு பக்கத்தில் முடிந்துவிடுகின்றன. அவை முதலில் நான்கு கைகளுக்கு எழுதப்பட்டவை, தனி பியானோ வடிவத்தையும் அவரே செய்தார்.

ஒலியை நீட்டும் பெடலைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. பேஸ் சுரம் அடிக்கும்போது மிதித்து அடுத்த பேஸ் வரை பிடிப்பது வால்ட்ஸுக்கும் ஹபனேராவுக்கும் சரிப்படும். மசூர்க்காவில் இரண்டாவது பீட்டில் பெடலை எடுத்துவிட்டால் அழுத்தம் சுத்தமாகத் தெரியும். சரபாந்தில் டி-யும் சி-யும் ஒரே பெடலில் சிக்கினால் தீர்வே கேட்காது, அங்கே மாற்றியாக வேண்டும். எந்த நடனமானாலும், நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே போய்விட்டால் நெருக்கமான கார்ட் வேண்டாம், பஞ்சமமும் ஸ்தாயிச் சுரமும் போதும், மற்றவை குழம்பும்.

நிஜமாகவே ஒருவர் ஆடப் போகிறார் என்றால்

கேட்பதற்கு மட்டும் என்றால் இதுவரை சொன்னபடி மசூர்க்காவையே பிடிப்பேன். ஆடப்போகிறவர் ஒருவர் இருக்கிறார் என்றால் வரிசை மாறுகிறது, ஹபனேரா முதலுக்கு வருகிறது. இடது கை அசையாமல் நிற்பதால் ஆடுபவர் அதைப் பிடித்துக்கொள்வார், வலது கை தன் இஷ்டத்துக்கு முந்தலாம், பிந்தலாம். இடது கை தாளத்தைக் காக்க, வலது கை மட்டும் இழுக்க வேண்டும் என்று சோபின் தன் மாணவர்களுக்குச் சொன்னதும் இதைத்தான். மசூர்க்காவில் இரண்டு கைகளும் சேர்ந்து ஒரு பீட்டை நீட்டும். நேரில் வாசிக்கும்போது ஆடுபவரின் மூச்சைப் பார்த்து அதைச் செய்யலாம், பதிவு செய்த ஒலிக்கு ஆடுகிறவருக்கு அது தொல்லை. வால்ட்ஸ் இங்கே தன் மரியாதையை மீட்டுக்கொள்கிறது, அதன் முதல் பீட்டை யாரும் தவறவிட மாட்டார்கள். சரபாந்துக்கு ஆட, அசையாமல் நிற்கவும் தெரிந்த ஒருவர் வேண்டும்.

ஆடுபவர்கள் பெரும்பாலும் எட்டு எட்டாக எண்ணுவார்கள். ஒரு வாக்கியத்தை ஏழு பாரில் முடிக்க ஆசை வந்தால் முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். மேலே 'மெதுவாக' என்று மட்டும் எழுதாமல் மெட்ரோனோம் எண்ணையும் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) போடுங்கள், தொடக்கத்தில் இடது கை மட்டும் இரண்டோ நான்கோ பார் வரட்டும். ஒத்திகையில் முதலில் இடது கையை மட்டும் முழுக்க வாசித்துக் காட்டுங்கள். அதற்கே அவரால் ஆட முடிந்தால், அதன் பிறகு வலது கையில் நீங்கள் எதை மாற்றி எழுதினாலும் அவர் குறை சொல்லமாட்டார்.